பச்சைக்கு மேல் வெள்ளை

பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில் மரக்கறிக்கடை வைத்திருக்கிற எனக்குப் போன குளிர்காலத்தில் குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது, பச்சை உடுப்பில் ஒருவர் என்னை நோக்கி வந்தார். எங்கள் ஊரில் பச்சை உடுப்பு என்றால் ஆமிதான். என் இரண்டு கைகளும் தாமாகவே தலைக்கு மேல் உயர்ந்துவிட்டன. ஒன்றில் சேலைன் ஊசி இருந்தது.

வந்தவர் நேர்ஸ். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உருவம், தொப்பிக்கு வெளியே ஒரு நரைத்த சுருள். அந்த அறையில் எல்லோருக்கும் பச்சைதான் சீருடை. என் கண் அவருடைய உடுப்பிலேயே நிற்பதைக் கவனித்திருக்க வேண்டும். திரும்பிப் போனவர், நோயாளரைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வெள்ளைக் கடதாசி அங்கியைப் பச்சைக்கு மேல் போட்டுக்கொண்டு வந்தார்.

பிறகு பிரஷர் பார்க்க வரும்போதெல்லாம், கழுத்தடியில் பச்சை தெரியாதபடி அங்கியை இழுத்து மூடிக்கொண்டுதான் கிட்ட வந்தார். இது என்ன கோலம் என்று தலைமை நேர்ஸ் பிரெஞ்சில் கேட்டதற்கு, குளிர்கிறது என்றார். நான் அங்கே வியர்த்துக்கொண்டு கிடந்தேன்.

என்னோடு அவர் பேசியது பாண்டிச்சேரித் தமிழ்.

"ஏன் அக்கா, நான் கையைத் தூக்கினதைப் பற்றி ஒண்டுமே கேக்கேல்லை?"

"கேட்டா நீங்க சொல்லணுமே. தூங்குங்க, முசியே."

அகதி விண்ணப்பத்துக்காக, ஆமிக்கு முன்னால் கையைத் தூக்கி நின்ற கதையை எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் இருந்து முதலிலிருந்து சொல்லியிருக்கிறேன். எல்லா மேசையிலும் ஆதாரம் கேட்டார்கள். இவருக்கு என் கைகள் உயர்ந்ததே போதுமாக இருந்தது.