சகலையின் காரும் நான்கு ரப்பர் கட்டைகளும்

வேலைச் சீட்டில் இருந்த பெயரைப் படித்ததுமே ஒராஸ்பெக்குக்கு வயிறு எரிந்தது. ஜன்போலாத். மனைவி ஷோல்பானின் அக்கா புருஷன், அதாவது சகலை. ஷிம்கென்ட் நகரத்துக் கார் கம்பெனிப் பட்டறையில் பதினோரு வருடமாகப் புதுக் கார்களைத் தயார் செய்து கொடுப்பவன் ஒராஸ்பெக். தனக்கென்று ஒரு ஓட்டை வண்டிகூடக் கிடையாது. ஆடு விற்றுக் கொழுத்த சகலைக்கோ இது மூன்றாவது கார். போன விருந்தில்கூட, மருமகனுக்கென்று வைக்கிற நெஞ்சுக்கறியை மாமனார் அவன் தட்டில்தான் வைத்தார். இவனும் மருமகன்தானே!

லாரியில் வரும்போது கார் குதிக்காமலிருக்க, சக்கரத்து ஸ்பிரிங்குகளுக்குள் நான்கு ரப்பர் கட்டைகளைச் செருகி அனுப்புவார்கள். அவற்றை உருவினால்தான் வண்டி மெத்தென்று ஓடும். ஒராஸ்பெக் காரை மேலே தூக்கி நிறுத்தினான், போல்ட்டுகளை முடுக்கினான், கட்டைகளை மட்டும் தொடவில்லை. அந்தத் தொந்தி நன்றாகக் குலுங்கட்டும் என்று கறுவினான். வேலைச் சீட்டில் ‘கட்டை எடுத்தாயிற்று’ என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டான், பாவி. பதினோரு வருடத்தில் அவன் போட்ட முதல் பொய்க் கையெழுத்து அது.

மதியம் குடும்பமே வந்து இறங்கியது. மாமனார் உள்ளங்கைகளை விரித்து வாழ்த்தினார். மாமியார் வழக்கப்படி புதுக் கார்மேல் மிட்டாய் இறைத்தார். ஷோல்பான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இவனுக்குக் காரமாக இருந்தது. ஜன்போலாத் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். கடுகடுத்த முகத்தோடு இறங்குவான் என்று இவன் காத்திருக்க, அவனோ பல்லெல்லாம் தெரிய இறங்கினான்.

“சகலை, என்னா உசரம்! என் கூட்டாளி வண்டியவிட ரெண்டு வெரக்கடை தூக்கலா நிக்குது. பட்டிக்குப் போற ரோட்டுக்கு அளவெடுத்த மாதிரி. குலுக்குதுதான், குலுக்கட்டுமே. கெட்டியா இருக்குல்ல?”

ராசிக்காரன் கை பட்டால் இரும்பும் நிமிர்ந்து நிற்கும் என்று ஜன்போலாத்தின் தோளைத் தட்டினார் மாமனார்.

அதைத்தான் ஒராஸ்பெக்கால் பொறுக்க முடியவில்லை. மனசாட்சி உறுத்தியது என்று நினைத்துவிடாதீர்கள். வாயைத் திறந்தது பொறாமைதான்.

“வண்டி உசரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஸ்பிரிங்குல கட்டை இருக்கு. நான்தான் வேணும்னே எடுக்கல.”

மாமனார் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். ஜன்போலாத் மட்டும் இன்னும் பாதிச் சிரிப்பிலேயே நின்றான்.

“எடுக்காட்டி என்னாகும், சகலை?”

“ஸ்பிரிங் உடையலாம். வளைவுல வண்டி சொன்னபடி கேக்காது.”

“உள்ள உன் பொண்டாட்டியோட அக்கா, என் புள்ளைங்க எல்லாம் இருப்பாங்கன்னு தெரியும்ல?”

தெரியும். ஆனால் தொந்தியைத் தவிர வேறு யாரையும் அவன் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. காரை உள்ளே கொண்டுபோய்க் கட்டைகளை உருவிப் போட்டான். எடுத்தாகிவிட்டது, ஏறலாம் என்று சொன்னான். யாரும் அசையவில்லை.

ஷோல்பான் உள்ளே வந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலே குனிந்து, தரையில் கிடந்த கட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு, வெளியே நின்ற அக்காவுக்குக் குரல் கொடுத்தாள்.

“நாலும் வந்துடுச்சுக்கா. நானே எண்ணிட்டேன், ஏறு.”

அதற்குப் பிறகுதான் அக்கா பிள்ளைகளை வண்டியில் ஏற்றினாள்.