தாலாட்டில் தொடங்கிய ஆல்பம்

கள்ளக்குறிச்சியில், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, நடந்ததுக்கெல்லாம் அதுதான் காரணம்.

எங்கள் வாட்ஸப் குரூப்பில் ஐந்து பேர். ஞாயிறு காலையில் ஒவ்வொருவரும் அந்த வாரம் எந்த ஆல்பம் கேட்கிறோம் என்று எழுத வேண்டும். பூப்படம் போட்ட குட்மார்னிங், அரசியல், மருத்துவக் குறிப்பு எதற்கும் இடமில்லை. சட்டம் ஒன்றே ஒன்று: முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தாண்டாமல் கேட்டிருந்தால்தான் எழுதலாம். சட்டத்தைப் போட்டவனும் நான்தான், காவல் காப்பவனும் நான்தான். சங்கராபுரம் தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட் ஒருமுறை ஒரே ஒரு பாட்டைத் தாண்டிவிட்டதாகத் தானாகவே ஒப்புக்கொண்டார். பாவம், மாதக்கணக்கில் அவரை ஓட்டித் தள்ளினேன்.

குரூப்பில் நான் காத்திருந்து படிப்பது நர்சம்மா எழுதுவதைத்தான். கரியாலூரைத் தாண்டி ஒரு மலைக் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் அவருக்கு வேலை. அங்கே சிக்னல் கிடையாது. பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை கீழே வரும்போது கடைக்கு வந்து மெமரி கார்டை நீட்டுவார், நான் பாட்டு ஏற்றிக் கொடுப்பேன். மேலே போய்ச் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார். ஞாயிறானால் சிக்னல் கிடைக்கிற ரோட்டு வளைவு வரைக்கும் அரைமணி நேரம் நடந்து வந்து, இரண்டே வரி அனுப்புவார். ‘இதுல தபேலா வாசிக்கிறவரு பசியோட இருக்காருங்க’ என்று ஒருமுறை எழுதினார். அந்த ஆல்பத்தை நான் நாலு தடவை கேட்டிருந்தேன். எனக்கு அந்தப் பசி தெரியவே இல்லை. பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

போன ஆவணியில் அவருக்கு ஒரு ஆல்பம் ஏற்றிக் கொடுத்தேன். ஒரு பெண் பாடிய எட்டுப் பாட்டு. ஒரு நாளைச் சொல்லும் ஆல்பம் அது. விடியல் பாட்டில் தொடங்கித் தாலாட்டில் முடியும். அந்த ஞாயிறு நர்சம்மா எழுதினார்: ‘தாலாட்டுல ஆரம்பிச்சி விடியல்ல முடிச்சிருக்காங்க. நடுவுல எல்லாம் கலஞ்சி கெடக்கு. ராத்திரி பிரசவம் பாக்கறவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குங்க.’

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குப் பிடித்த ஆல்பம் அது, வரிசை மனப்பாடம். யோசிக்காமல் எல்லாரும் பார்க்க எழுதிவிட்டேன்: ‘சிஸ்டர், அது தாலாட்டுல முடியும். கேக்காமயே எழுதறதுக்கு இது பரீட்சை இல்ல.’ டைப்பிஸ்ட் ஒரு சிரிப்பு பொம்மை போட்டார். அவருக்கு என்ன, இந்த முறை மாட்டியது வேறு ஆள்.

‘கேட்டேங்க’ என்று ஒரே ஒரு சொல் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு அவர் எழுதவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. வழக்கமாக வருகிற சனிக்கிழமையிலும் கடைக்கு வரவில்லை. மழை, ரோடு சரியிருக்காது, வேலை ஜாஸ்தி என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஞாயிறு தவறாமல் நான் மட்டும் என் பங்குக்கு எழுதினேன்.

மூன்றாவது ஞாயிறும் அப்படியே போன பிறகு, திருநாவலூர் பக்கம் மினி பஸ் ஓட்டும் எங்கள் குரூப்புக்காரர் கடைக்கு வந்தார். அவருக்கும் கார்டில் பாட்டு ஏற்றித் தருவது நான்தான்.

“இன்னாண்ணே, நர்சம்மாவப் போயி அப்பிடி சொல்லிட்ட? இப்பத்தான் நானு முழுசா கேட்டு முடிச்சேன். கடைசில விடியல் பாட்டுதான வருது?”

அவர் கார்டை வாங்கி லேப்டாப்பில் சொருகினேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. பாட்டுப் பெயருக்கு முன்னால் வரும் எண்கள் எனக்குப் பிடிக்காது. அழகான பெயரின் தலையில் நம்பர் எதற்கு என்று, ஏற்றும்போது ஒவ்வொன்றாக உட்கார்ந்து அழித்துவிடுவேன். எண் இல்லாவிட்டால் கார்டு சொருகிக் கேட்கிற ஸ்பீக்கர் பெட்டிகள் பாட்டுகளை அகர வரிசையில் ஓட்டும். நான் எண் அழிக்காத ஆல்பத்தைப் போனில் கேட்பதால் எனக்கு வரிசை மாறவில்லை. ஒரு வருஷமாக நர்சம்மாவும் டிரைவரும் நான் கொடுத்த அத்தனை ஆல்பத்தையும் அ, ஆ வரிசையில்தான் கேட்டிருக்கிறார்கள். கெடுத்தவன் நான். கேட்கவே இல்லை என்று சொன்னவனும் நானேதான்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு பைக்கில் மலையேறினேன். தடுப்பூசி நாள் போலிருக்கிறது, குழந்தைகளோடு பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நர்சம்மா, “யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?” என்றார்.

“தப்பு எம் மேல சிஸ்டர்” என்று ஆரம்பித்து, எண் அழித்த கதையை நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டு, அது அழுது ஓயும்வரை தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

“தப்பா கேட்டேன்னு சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேங்க. கேக்கவே இல்லன்னுட்டீங்க. நான் ஒண்டியா ஒக்காந்து கேக்கறவ. எனக்கு யாரு சாட்சி சொல்லுவாங்க?”

கையிலிருந்த பஞ்சைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

“அப்பறம் எனக்கே சந்தேகம் வந்துடிச்சி. மறுபடி மறுபடி போட்டுக் கேட்டுக்கினே இருந்தேன். எப்பவும் விடியல்லதான் முடிஞ்சிது. கடைசில ஸ்பீக்கரத் தூக்கி பீரோவுல வெச்சிட்டேன். அதோட எதையும் கேக்கல.”

“மன்னிச்சிடுங்க சிஸ்டர்.”

“எல்லாரும் பாக்க அப்பிடி எழுதனீங்க. எல்லாரும் பாக்கவே சொல்லிடுங்க.”

“கண்டிப்பா எழுதறேன்.”

அடுத்த குழந்தையின் கையைத் துடைத்தபடி, “செரி, இந்த மூணு வாரமா நீங்க இன்னா கேட்டீங்க?” என்றார்.

நான் குரூப்பில் எழுதிய மூன்று ஆல்பத்தின் பெயரும் நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

“ஒண்ணும் கேக்கல. மூணு ஞாயிறும் சும்மா பேரப் பாத்து எழுதிட்டேன். நீங்க எழுதாம எனக்கு எதுவுமே ஓடல.”

ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்ப கேக்காம எழுதனது நீங்கதானா?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதையும் சேத்து எழுதுங்க. ஞாயித்துக்கெழம வந்து படிக்கிறேன்.”