யார்டு சேனலில் வந்த குறட்டை

தனசேகர் சார், நீங்கள் சொன்னது பொய். அன்று மத்தியானம் சேனலில் குறட்டை விட்டது ஆண்டனி இல்லை, நீங்கள்.

நான் ரிடையர் ஆனபிறகு தைரியம் வந்து எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். வேலையில் இருந்தபோதே உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். நீங்கள் காதில் வாங்கவில்லை.

1. ஒரே சேனல்

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எண்ணூர் ரோட்டோரம் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் சிக்னல்மேனாக இருந்தேன். கிரேன் ஆபரேட்டர் மேலே கேபினில் இருப்பார், நான் தரையில். பேச்செல்லாம் வாக்கி-டாக்கியில். யார்டு முழுக்க ஒரே சேனல்தான். ஒருவர் பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் மற்ற யாரும் பேச முடியாது.

எங்கள் ஆபரேட்டர் ஆண்டனி, ராயபுரத்துக்காரன். வாலிபத்தில் பாக்ஸிங் போட்டு மூக்கு ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. முழித்திருக்கும்போதே அவன் மூச்சு ஊருக்குக் கேட்கும். "ஆள் அப்புறம் வருவான், மூக்கு முன்னாடி வந்துகினு கீது" என்று கேலி செய்வோம். அவனும் சிரிப்பான்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு, பெட்டி ஒன்று கிரேனில் தொங்கிக்கொண்டிருக்கும்போது சேனலில் சத்தம் வந்தது. கொர்ர்ர்... புஸ்ஸ். மறுபடியும் கொர்ர்ர்.

எல்லோரும் கேபினைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆண்டனி ஒரு கையால் ஹாரன் அடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாக்கியைக் கண்ணாடியில் தூக்கிக் காட்டினான், பட்டனில் விரல் இல்லை. குறட்டை நிற்கவில்லை. கைச் சைகையிலேயே பெட்டியைத் தரையில் இறக்க வைத்தேன். பிறகு நேராக ஷிப்ட் இன்சார்ஜ் ரூமுக்குப் போனேன்.

தனசேகர் சார் மேஜையில் கவிழ்ந்திருந்தார். கன்னத்துக்கு அடியில் வாக்கி. பட்டன் அழுந்தியிருந்தது.

"சார்!"

தலையைத் தூக்கினார். சேனலில் சத்தம் நின்றது.

"இன்னாய்யா குமாரு? கண்ண மூடி யோசிச்சினு இருந்தேன்."

"யோசிச்சது யார்டு பூரா கேட்டுச்சு சார்."

வேலை ஏன் நின்றது என்று மேனேஜர் கேட்டபோது அவர் சொன்ன பதில்: "ஆண்டனி கிரேன்லயே தூங்கிட்டான் சார். அவன் மூக்கு சத்தம்தான் எல்லாருக்கும் தெரியுமே." பார்த்த என்னை யாரும் கேட்கவில்லை. அன்றே ஆண்டனியைக் கிரேனிலிருந்து இறக்கி, ட்ரெய்லரில் பெட்டி நகராமல் லாக் போடுகிற வேலையில் விட்டார்கள்.

2. கேன்டீன் விசாரணை

மறுநாள் கேன்டீனில், குறட்டை விட்டது நீங்கள்தானே என்று சாரிடம் கேட்டேன். அவர் தமிழ் இலக்கணத்துக்குள் ஓடினார்.

"யோவ், குறட்டைன்னா இன்னா அர்த்தம்? தூங்குறவன் விடுறது. நான்தான் தூங்கலையே. அப்போ அது எப்படி குறட்டை ஆவும்?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த பாஷா பாய் சிரித்தார். "காக்கா கா கான்னு கத்துச்சு, காக்கான்னு பேரு வெச்சோம். மூக்கு கொர் கொர்னுச்சு, குறட்டைன்னோம். பேரு வெச்சதே சத்தத்தைக் கேட்டுத்தான் சார். எங்க மச்சான் வூட்ல உருதுல 'கர்ராட்டா'ன்னுவாங்க."

நெல்லூர் லாரி டிரைவர் ஒருவர் பன்னைக் கடித்தபடி, "மா ஊர்ல, தெலுங்குல, 'குரக'" என்றார்.

எனக்கு மொழி ஆராய்ச்சி தெரியாது. ஆனால் மூன்று பாஷையிலும் அந்த 'ர்ர்' சத்தம் உருளுகிறது. மூக்குதான் அந்த வார்த்தையைப் பெற்றெடுத்திருக்க வேண்டும்.

ஆண்டனி மட்டும் சிரிக்கவில்லை. "சத்தம் என்கிட்டயும் கீது பாய். தூக்கம் யார்கிட்ட இருந்துச்சு? அதைச் சொல்லச் சொல்லு. தூங்குனவன்னு பேரு வாங்கிட்டா எந்த யார்டுல எனக்கு கிரேன் குடுப்பான்?"

சார் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் அப்படிக் குடிக்காமல் வைத்த டீ அது ஒன்றுதான்.

3. பட்டன்

பிள்ளைகளே, சேனலில் சத்தம் கேட்டால் யார் மூக்கு கோணல் என்று பார்க்காதீர்கள். யார் பட்டன் அழுந்தியிருக்கிறது என்று பாருங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

தனசேகர் சார், நீங்கள் இன்னும் அதே ரூமில் இருக்கிறீர்கள். ஆண்டனி இன்னும் கீழே லாக் போட்டுக்கொண்டிருக்கிறான். நாளைக்கு சாப்பாட்டுக்குப் பிறகு அதே வாக்கியை எடுங்கள். இந்தத் தடவை கன்னத்தால் வேண்டாம், விரலால் பட்டனை அழுத்துங்கள். யார்டு முழுக்கக் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: அன்று தூங்கியது யார்?