மேடையேறிய ஆடு

'கைதட்டு' என்றால்தான் அவனைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்திருப்பான். கம்பெனிக் கூட்டங்களில், மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கொட்டாவி விடுகிற நேரத்தில், மைக்கைப் பிடித்து ஆட்களை உசுப்பிவிடுவதுதான் அவன் பிழைப்பு. எழுந்து நில், கையைத் தூக்கு, பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டு, கத்து! இதற்கெல்லாம் ஒரு ஆளா என்று கேட்காதீர்கள். விற்பனைக் கணக்கைத் திரையில் போட்டு வரிவரியாக வாசிக்கும் மேனேஜருக்குப் பிறகு அந்த ஹாலில் போய் நின்று பாருங்கள், தெரியும்.

அவனிடம் ஒரு வித்தை கைவசம் இருந்தது. எவன் தலை தொங்குகிறதோ அவனை மேடைக்கு இழுத்து, ஒரு பாட்டம் கலாய்த்துவிட்டால் போதும். மற்றவர்கள் சிரித்துச் சிரித்தே முழித்துக்கொள்வார்கள். அடுத்தது நாமோ என்கிற பயம் வேறு. அப்படிச் சிக்குகிறவனுக்கு அவன் வைத்திருந்த பெயர் 'ஆடு'. மேடையேறுமுன் மைக்செட்காரரிடம், "அண்ணே, இன்னிக்கு ஆடு சிக்கிருச்சு" என்று கண்ணடிப்பான். அந்த ஆட்டுக்கு எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்தால் பிழைப்பு ஓடுமா?

அன்றைக்கு ஆடு கடைசி வரிசையில் கிடைத்தது. மேடை விளக்கில் கண் கூசியதால் முகம் தெரியவில்லை, தொங்குகிற தலை மட்டும் தெரிந்தது.

"அங்க பாருங்க, ஒருத்தர் மெத்தை மட்டும்தான் கொண்டு வரல! சாரை எழுப்பிக் கூட்டிட்டு வாங்க!"

ஹால் அதிர்ந்தது. யாரோ உலுக்கி எழுப்ப, அந்த மனிதர் கசங்கிய சட்டையை இழுத்துவிட்டபடி தட்டுத் தடுமாறி வந்தார். படியேறி வெளிச்சத்துக்குள் வந்தபோதுதான் கைதட்டுக்கு முகம் தெரிந்தது. அக்காவின் புருஷன்.

மாமா புது வேலையில் சேர்ந்துவிட்டார் என்று அக்கா சொல்லத்தான் செய்தாள். எந்தக் கம்பெனி என்று இவன் வாயைத் திறந்து கேட்டிருந்தால் அல்லவா? அவர் ஏன் தூங்கி வழிகிறார் என்பது மட்டும் நன்றாகவே தெரியும். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது இவனைப் பெற்றவள். "காலையில புரோகிராம் இருக்குக்கா, மூஞ்சி தெளிவா இருக்கணும்" என்று தினமும் இவன் நழுவ, ராத்திரித் துணை மாமா தலையில் விழுந்தது.

'மாமா' என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் முன்வரிசையில் கம்பெனி முதலாளி வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் எப்படி? இவன் முழிப்பதைப் பார்த்து மாமாவே முந்திக்கொண்டார்.

"சொல்லுங்க சார், என்ன செய்யணும்?"

சாராம்! வாய் நிறைய மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற மனிதர்.

கைதட்டின் வாய் பழகின வாய். அது பாட்டுக்கு வழக்கமான ஜோக்கை எடுத்துவிட்டது. "நைட்டெல்லாம் அப்படி என்ன சார் வேலை உங்களுக்கு?"

"கொஞ்சம் வேலை இருந்துச்சு சார்" என்று மாமா சிரித்தார்.

விசில் பறந்தது. ஆடச் சொன்னான், ஆடினார். கையை விரித்து, கால் பின்ன, பாட்டு முடிகிறவரை ஆடினார். ஹாலில் ஒருத்தர்கூடத் தூங்கவில்லை. கைதட்டுக்கு மட்டும் அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. சே, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று கூனிக் குறுகி நின்றான். கூட்டம் கலைந்ததும் வாசல்வரை ஓடிப் பார்த்தான். மாமா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தார்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"டேய், மாமா வந்ததுலேர்ந்து உன் பேச்சுதான்டா! ஹாலையே கலக்கிட்டியாமே. அம்மாகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு. அம்மா மூஞ்சியில இன்னிக்குத்தான் சிரிப்பையே பாக்குறேன்."

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"ஆமா, யாரோ ஒரு தூங்குமூஞ்சிய மேடையில ஆட விட்டியாமே? யாருடா அது?"

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "விடும்மா, அவனே அலுத்துப் போயிருப்பான். போனை வை."

இப்போதாவது சொல்லிவிடலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"யாரோ ஒருத்தர், அக்கா" என்றான். "எனக்குத் தெரியாது."