வேலிக்கு மேல் இரண்டு முழம்

உடன்குடிக்குத் தெற்கே செம்மணல் மேடான தேரியை ஒட்டிய தோட்டத்தில் ஒரு அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார்கள். பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. அண்ணன் ஜெயசிங் முருங்கையும் வாழையும் போட்டிருந்தான். கோபம் அவனுக்கு மூக்குக்கு மேலேயே நிற்கும். தங்கை ஜெபசுதா ஊட்டியில் ஒரு விடுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தவள். அம்மா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டாள். அம்மாவை அடக்கம் செய்த பிறகு தோட்டத்தில் தன் பங்கைக் கேட்டாள். பொம்பளப் பிள்ளை பங்கு கேட்பதாவது என்று அண்ணன் தாம் தூம் என்று குதித்தான். சபை குருவானவர் வந்து உட்கார்ந்து பேசிப் பிரித்துக் கொடுத்தார். ஜெயசிங் நிலத்தைக் கொடுத்த அன்றே பேச்சை நிறுத்திக்கொண்டான்.

பேச்சைத்தான் நிறுத்தினான், வாயை நிறுத்தவில்லை. அந்தப் பக்கத்தில் பேச்சில்லாதவர்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது. கோழியிடமோ நாயிடமோ பேசுகிற மாதிரி, எதிராளியின் காதில் விழும்படி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். நேருக்கு நேர் முதலில் வாய் திறக்கிறவர் தோற்றவர், அவ்வளவுதான். ஜெபசுதா ஒரு இளம் மட்டக்குதிரையை வாங்கி வந்து யோசுவா என்று பெயர் வைத்தது இரண்டு பேருக்குமே வசதியாகப் போயிற்று.

"வேதத்துல உள்ள பேரக் குதிரைக்கு வச்சிருக்கு பாரு, ஒரு மூதி" என்பான் ஜெயசிங், தன் பம்ப்செட்டைப் பார்த்து.

"ஏ யோசுவா, கூடப் பொறந்தவ பங்க முழுங்கப் பாத்தவனுக்கெல்லாம் வேதம் ஞாபகம் வருது கேட்டியா" என்பாள் இவள், குதிரைக்குத் தவிடு வைத்தபடி.

இரண்டு தோட்டத்துக்கும் நடுவே கருக்குமட்டை வேலி. பனை ஓலையின் காம்புதான் மட்டை. அதன் இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரிப் பல் இருக்கும். உரசினால் தோலைக் கிழித்துவிடும். முருங்கைக் கீரைக்கு ஆசைப்பட்டு யோசுவா ஒரு நாள் வேலியைத் தாண்டியது. வயிற்றில் நீளமாகக் கீறிக்கொண்டு இரத்தம் ஒழுக நின்றது. ஜெயசிங் பதறவில்லை. வேலியில் இன்னொரு வரிசை மட்டையைக் கட்டினான். குதிரை அதையும் தாண்டியது, இந்தத் தடவை காலை மடக்கி, வேலிக்கு மேல் இரண்டு முழம் எழும்பி. அவன் மறுபடி உயர்த்தினான், அது மறுபடி எழும்பியது. கடைசியில் வேலி ஆள் கழுத்து உயரத்துக்கு வந்த பிறகுதான் குதிரை தாண்டுவதை நிறுத்தியது.

தூத்துக்குடியில் துறைமுகச் சாலைப் பக்கம் சிவசுப்பிரமணியன் என்பவர் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றப் பள்ளி ஆரம்பித்திருந்தார். சின்னப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஒழுங்காகத் தாண்டுமென்றால் குதிரையை எடுத்துக்கொள்கிறேன், சொல்லிக்கொடுக்க உன்னையும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஜெபசுதாவிடம் சொன்னார். ஜெபசுதாவுக்கு அந்த வேலை உயிருக்கு உயிராக வேண்டியிருந்தது. தினமும் அண்ணன் வாயைக் கேட்டுக்கொண்டு அந்த மணலில் கிடந்து வேக அவளால் முடியாது. குதிரை தேறாவிட்டால் தீனி போட வழியில்லாமல் விற்றாக வேண்டும்; அது வண்டிப் பந்தயத்துக்குப் போய் அடிபட்டுச் சாக வேண்டியதுதான். வேம்பாரிலிருந்து ஒரு பந்தயக்காரர் ஏற்கெனவே வந்து யோசுவாவின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவரை வரச்சொன்னது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஹாலோ பிளாக் கல்லை இரண்டு பக்கமும் அடுக்கி, மட்டையின் கருக்கை அரிவாளால் வழுவழுவென்று சீவி, குறுக்கே வைத்துப் பழக்கினாள். முழங்கால் உயரம் வைத்தால் நெஞ்சு உயரத்துக்கு எகிறியது குதிரை. கணுக்கால் உயரத்துக்கு இறக்கினாள்; அப்போதும் அதே எகிறல். வெறும் தரையில் போட்டாள். அதற்கும் ஆகாயத்துக்குப் போய்விட்டு வந்தது. இறங்கும்போது முன்னங்கால் இரண்டும் மணலில் குத்தும், மேலே இருக்கிற இவள் தூக்கி எறியப்படுவாள். தட்டிக்கொடுத்தாள், கருப்பட்டித் துண்டு கொடுத்தாள், கெஞ்சினாள், கடைசியில் கன்னாபின்னாவென்று திட்டினாள்.

"என்ன குதிர, ஹார்பர்ல நிக்க கப்பலத் தாண்டப் போறியா?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டான் ஜெயசிங். ஜெபசுதா பல்லைக் கடித்துக்கொண்டு மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை காலையில் வந்து பார்க்கிறேன் என்று சிவசுப்பிரமணியன் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் குதிரை மாறவில்லை. மனசு விட்டுப்போய், அதைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் தெரு வழியாக நடந்தாள். ஏதோ கல்யாணத்துக்குப் பந்தல் போட இறக்கிய சவுக்குக் கம்புகள் தெருவில் குறுக்கே அடுக்கிக் கிடந்தன. யோசுவா அதைப் பார்த்தது, காதை ஆட்டியது, நாலு விரல் இடைவெளி விட்டு லேசாகத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது.

"அடக் கூறுகெட்டவளே" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். உடன்குடிக்காரிக்கு வேலியும் மட்டைதான், விறகும் மட்டைதான். கருக்கைச் சீவிவிட்டால் அது அவளுக்கு வெறும் கம்பு. யோசுவாவுக்கோ பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வயிற்றைக் கிழித்த சாமான். இத்தனை நாளும் அதைத்தான் அதன் காலடியில் போட்டுத் தாண்டு தாண்டு என்றிருக்கிறாள்.

சவுக்குக் கம்பு வேண்டும். பந்தல்காரன் தரமாட்டேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை மரக்கடை பூட்டு. ஜெயசிங்கிடம் மட்டும் வாழைக்கு முட்டுக்கொடுக்கிற சவுக்கு மலைபோல் குவிந்து கிடந்தது.

"ஏ யோசுவா, நாலு சவுக்குக் கம்பு இருந்தா இன்னைக்கே காரியம் முடிஞ்சிரும்" என்றாள், வேலியோரம் நின்று.

"என் கம்ப எவளாவது தொட்டா கைய முறிச்சிருவேன்" என்று பம்ப்செட் பக்கம் திரும்பிச் சொன்னான் அவன்.

ஜெபசுதா மானம் மரியாதையெல்லாம் விழுங்கிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "அண்ணே, நாலு கம்பு தா."

ஜெயசிங் மண்வெட்டியைக் கீழே போட்டான். முகமெல்லாம் சிரிப்பு. "என்னது? காது கேக்கல."

"நாலு கம்பு தாண்ணே. நாளைக்குத் திருப்பித் தந்திருதேன்."

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

சொன்னாள். தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"தரமாட்டேன்" என்றான் அவன். "பந்தயக்காரர் செவ்வாக்கெழம வாராரு. ஒன் குதிர அவருக்குத்தான்."

இவ்வளவு அசிங்கப்பட்ட பிறகு இழக்க என்ன இருக்கிறது? ஜெபசுதா வேலியைச் சுற்றி நடந்து அவன் தோட்டத்துக்குள் போனாள். அவன் கண்ணெதிரேயே நாலு கம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "கைய முறிக்கணும்னா முறி. இங்கன தான் நிக்கேன்" என்றாள். அவன் கத்தினான், போலீசுக்குப் போவேன் என்றான், அவளைப் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டினான். அவர்கள் தன்னையும் பெற்றவர்கள் என்பதுகூட அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துவிட்டது. கையை மட்டும் ஓங்கவில்லை. அன்று சாயங்காலம் யோசுவா சவுக்கை லேசாகத் தாண்டித் தாண்டி வந்ததை வேலிக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். போகும்போது வேலி மட்டையின் பல்லை விரலால் தடவிப் பார்த்தான்.

காலையில் சிவசுப்பிரமணியன் வந்தார். யோசுவா எல்லாத் தடையையும் நாலு விரல், ஐந்து விரல் இடைவெளியில் தாண்டி, பூப்போல இறங்கியது. அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் வியாபாரம் பார்த்த மனுஷன், நம்ப மாட்டார். வேலியோரம் நின்ற ஜெயசிங்கைப் பார்த்துக் கேட்டார். "அண்ணாச்சி, நீங்க தெனமும் பாக்கிறவரு. இது எப்பவும் இப்படித்தானா, இன்னைக்கு மட்டுமா?"

நேற்று வரைக்கும் ஆளைத் தூக்கி எறிந்த குதிரை என்று அவன் ஒரே வார்த்தை சொன்னால் போதும். அவன் காத்திருந்த நேரம் இதுதான். ஜெபசுதாவின் வேலையும் குதிரையும் அந்த வாயில் இருந்தன.

ஜெயசிங் தொண்டையைச் செருமினான்.

"மட்டையக் கண்டா எகிறும் அண்ணாச்சி. என் வேலி வயித்தக் கிழிச்சது. கம்புல ஒழுங்காத் தாண்டும். குதிர நல்ல குதிர, தைரியமாப் பிள்ளைய ஏத்தலாம்" என்றான். "கூட வாரவதான் சரியில்ல. அவ வாய்க்கு ஒங்க பள்ளிக்கூடம் தாங்குமான்னு பாத்துக்கிடுங்க."

சிவசுப்பிரமணியன் சிரித்தார். அடுத்த வாரமே வந்துவிடச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

வெறும் வசவாக இருந்தால் ஜெபசுதா இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் பார்த்துவிடக் கூடாதே என்று யோசுவாவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"ஏளா, என்ன நிக்க? என் கம்ப எடுத்த எடத்துல அடுக்கி வையி" என்றான் ஜெயசிங். பழையபடி குதிரையைப் பார்த்தோ பம்ப்செட்டைப் பார்த்தோ அல்ல, அவளைப் பார்த்தே சொன்னான்.