தமாஷ் கிளம்பிய இடம்

செருப்பை மாட்டும்போதே அகராதிக்காரருக்கு வாய் ஓட ஆரம்பித்துவிடும். தெருவில் இறங்கினால் காலும் சேர்ந்து ஓடும். முனைக்குப் போய், "நீ என்ன சொல்றே?" என்று திரும்பினால் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். மனைவி நாலு வீடு தள்ளி வந்துகொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான்.

அகராதி அலுவலகத்தில் சொற்களின் பூர்வீகத்தைத் துருவுவது அவர் வேலை. ஒவ்வொரு சொல்லையும், குடிவர வந்தவனை வீட்டுக்காரர் விசாரிப்பதுபோல விசாரிப்பார். "அட, இவன் எங்கேயோ பொறந்தவன்!" என்று தனியாகச் சிரித்துக்கொள்வார். மேசைமேல் தேநீர் ஆறிக்கிடக்கும்.

அண்மையில் அவரிடம் மாட்டியவன் 'தமாஷ்'. அந்த நேரம் பார்த்து வீட்டில் ஒரு சிக்கல். மனைவிக்கு மூட்டில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. தினமும் வெளியே நடக்காவிட்டால் கால் இறுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்துவிட்டார். மனைவியோ வாசலைத் தாண்ட மறுத்தார்.

"நான் தாங்கித் தாங்கி நடக்கறதைத் தெருவே வேடிக்கை பார்க்கும். நீங்க பாட்டுக்குப் பறந்துடுவீங்க. விழுந்தா யாரு தூக்கறது?"

அகராதிக்காரருக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் அவர் சொற்களைத்தான் பிடித்துக்கொள்வார்.

"வேடிக்கைன்னதும் ஞாபகம் வருது. நம்ம தமாஷ் இருக்கானே, பாரசீகத்துல தமாஷான்னா பார்க்கறது. உருதுல வேடிக்கை, கூத்து, ரகளை எல்லாம் அவன்தான். துருக்கியில பழைய ஆளுங்க நாடகத்துக்கே தெமாஷான்னு பேர் வச்சாங்க. நம்மகிட்ட வந்து வெறும் சிரிப்பாப் போயிட்டான்."

"எனக்குக் கால் வலி, உங்களுக்குத் தமாஷ்," என்றார் மனைவி. ஆனாலும் இத்தனை வருஷத்துப் பழக்கம் விடவில்லை. "சரி, அவன் கிளம்பினது எங்கேருந்து?"

"அரபியிலேருந்து. அங்க மூலச்சொல்லுக்கு அர்த்தம்..." அகராதிக்காரர் இழுத்தார். குரல் இறங்கிவிட்டது. "சேர்ந்து நடக்கறது."

மனைவி சிரிக்கவில்லை. "இதைத்தானே நான் கல்யாணமான நாள்லேருந்து கேக்கறேன்? அரபிக்காரன் சொன்னாத்தான் காதுல விழுமா?"

ஊரிலுள்ள சொற்களுக்கெல்லாம் விளக்கம் வைத்திருக்கிறவருக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நாளைக்குக் காலையில வரேன். முன்னால போனீங்க, அப்படியே திரும்பிடுவேன். அப்புறம் யாரு கூப்பிட்டாலும் வரமாட்டேன்," என்றார் மனைவி.

மறுநாள் மனைவி கைத்தடியை ஊன்றி, வாசலுக்கு வெளியே ஓர் அடி வைத்தார். எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். பழக்கதோஷத்தில் அகராதிக்காரரின் கால் முன்னே பாய்ந்தது. பாய்ந்த காலைப் பின்னுக்கு இழுத்தார். மனைவியின் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கொண்டுவந்து வைத்து, வாயை இறுக மூடிக்கொண்டு, அடுத்த அடிக்காகக் காத்து நின்றார்.