முதுகுக்குப் பின்னால் நிற்பவர்கள்

அத்தானின் அழுகிய பெருவிரலை என் கையாலேயே துடைத்திருக்கிறேன்; ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நோயில் கிடந்த அவரை வருத்தம் பார்க்க வந்த சனத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ஓங்காளம் வருகிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். மொன்றியலில் இருபது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். சலரோகம் என்ற சர்க்கரை வியாதி காலுக்கு இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெள்ளிக்கிழமைக்குள் விரலை எடுத்துவிட்டால் பாதம் தப்பும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அத்தான் ஒப்பம் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

வருத்தம் பார்க்கப் போகாவிட்டால் எங்கள் ஆட்களுக்குச் சபையில் தலைகாட்ட முடியாது. போனால் வாயை மூடிக்கொண்டு திரும்பவும் முடியாது.

"அண்ணை, உதுக்குப் போய் ஆரும் விரலை வெட்டுவினமே?" என்றார் பக்கத்து ஊரான புரோசார்ட்டிலிருந்து வந்த ஒருவர்.

"படிக்கிற பெடியளை விட்டு வெட்டிப் பழக்கிறாங்கள்," என்றார் அவர் மனைவி. "வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைச்சுப் பூசுங்கோ. என்ர மச்சாளுக்கு ஒரு கிழமையில காஞ்சது."

"மச்சாளுக்கும் சலரோகமோ?" என்று கேட்டேன்.

"இல்லை, அவவுக்குச் செருப்புக் கடிச்சது."

அவர்கள் போனதும் பக்கத்துக் கட்டிலில் கிடந்த யூதத் தையல்காரர், என்ன சொன்னார்கள் என்று என்னிடம் கேட்டறிந்து, "கிபிட்சர்!" என்றார். அவருடைய யிட்டிஷ் பாஷையில், சீட்டாடுபவனின் முதுகுக்குப் பின்னால் நின்று இதைப் போடு, அதைப் போடு என்று கரைச்சல் கொடுப்பவனுக்கு அந்தப் பெயராம். நான் சும்மா விடுவேனா? தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்ற எங்கள் பழமொழியை எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

அத்தான் சிரிக்கவில்லை. "எண்ணெய் பூசிப் பாப்பம். பேந்து வெட்டலாம்," என்றார்.

நல்ல சொல் ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் இருந்த நான் அவரோடு மல்லுக்கட்டவில்லை. வெள்ளிக்கிழமை போனது. அந்த அசிங்கத்தில் என் பங்கும் உண்டு.

அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

புரோசார்ட்காரர் மறுபடி வந்தார். கட்டிலில் கால் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அதிலேயே வசதியாக உட்கார்ந்து, கொண்டுவந்த தோடம்பழத்தை உரித்து, முதல் சுளையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்பவே வெட்டியிருந்தா விரலோட போயிருக்கும் அண்ணை," என்றார். "ஆரின்ர கதையைக் கேட்டனீங்கள்?"